காற்றின் மேல் உருளும் சக்கரம்

ஆனைக்குட்டத்திலிருந்து சிவகாசிக்குக் காரில் செல்கிறீர்கள். சமதளத்தில் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் வேகம் தணிகிறது. ஏன்? எஞ்சினும் எதிர்க்காற்றும் தடுப்பதோடு, டயரின் உருளல் தடையும் ஒரு காரணம்.

இத்தடையை வெல்ல முயன்றவர்களுள் ஸ்காட்லாந்துப் பொறியாளர் ராபர்ட் வில்லியம் தாம்சன் குறிப்பிடத்தக்கவர். 1845-இல் காற்றடைத்த சக்கரத்துக்குக் காப்புரிமை பெற்றார். இரும்புப் பட்டைச் சக்கரம் ஒவ்வொரு கல்லிலும் வண்டியையே தூக்கி இறக்க வேண்டும். காற்றுச் சக்கரமோ கல்லைத் தன்னுள் அமுக்கிக்கொள்ளும். எனினும் அது அன்று பரவவில்லை. 1887-இல் பெல்ஃபாஸ்டில் ஜான் பாய்ட் டன்லப் தம் மகனின் மூன்று சக்கர சைக்கிளுக்காக அதை மீண்டும் உருவாக்கினார். 1895-இல் மிஷ்லின் சகோதரர்கள் பாரிஸ்-போர்தோ கார்ப் பந்தயத்தில் அதைப் பயன்படுத்தினர். திருவொற்றியூரில் 1946-இல் பலூன் செய்யத் தொடங்கிய எம்.ஆர்.எஃப்., 1961-இல் டயர் உற்பத்தியில் இறங்கியது.

ஆனால் காற்றின் அளவு முக்கியம். ஒரு சக்கரத்தின் மேல் 600 பவுண்டு எடை என்போம். அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 30 பவுண்டு எனில், டயர் தரையில் படியும் பரப்பு ஏறக்குறைய 20 சதுர அங்குலம். அழுத்தம் 20 ஆனால் பரப்பு 30 ஆகிவிடும். டயர் அதிகம் நசுங்கும். நசுங்கிய ரப்பர் மீளும்போது, பெற்ற ஆற்றல் முழுவதையும் திருப்பித் தருவதில்லை, மீதி வெப்பமாகிறது. பெட்ரோல் வீணாவதும், கோடையில் டயர் வெடிப்பதும் இதனால்தான்.

அப்படியானால் காற்றை மிகுதியாக அடைக்கலாமா? கூடாது. டயர் பழைய இரும்புப் பட்டையைப் போலக் குதிக்கும், பிடிப்பும் குறையும். தயாரிப்பாளர் குறித்த அளவே சரி. அதையும் டயர் குளிர்ந்திருக்கும்போது சரிபாருங்கள்.