கூச்சம் அறியாத எந்திரன்

புதுச்சேரி முத்தியால்பேட்டையில் தறிச் சத்தம் தெருவுக்குத் தெரு கேட்டுக்கொண்டிருந்த நாட்களில், தறியின் தலைமேல் ஏற்றிய ஜக்கார்டு பெட்டியில் துளையிட்ட அட்டைகள் ஒன்றன்பின் ஒன்றாகப் புரள்வதை அண்ணாந்து பார்த்து நின்ற சிறுவர்களில் நானும் ஒருவன். துளை இருந்த இடத்தில் ஊசி நுழையப் பாவிழை எழும்பும். இல்லாத இடத்தில் இழை தாழ்ந்தே கிடக்கும். இவ்வளவே அப்பெட்டியின் ஞானம், ஆயினும் சேலைத் தலைப்பில் அன்னமும் கொடியும் பிழையின்றி விழும். பிரெஞ்சு தேசத்து லியோன் நகரில் 1804-இல் உருவான அந்த அட்டை முறையையே சார்லஸ் பாபேஜ் தம் கணிப்பொறித் திட்டத்திற்குக் கைக்கொண்டார். அதற்கு 1843-இல் விளக்கம் எழுதிய அடா லவ்லேஸ் அம்மையார், இத்தகைய பொறி தானாக எதையும் தோற்றுவிக்காது, நாம் ஏவத் தெரிந்ததையே செய்யும் என்று வரையறுத்தார். 2010 அக்டோபர் 1-இல் வெளிவந்த ஷங்கரின் 'எந்திரன்', அவ்வரையறையை மீறிய ஒரு பொறியின் கதை. அம்மீறல் எந்தக் கணத்தில் நேர்ந்தது என்பதைப் படமே பிழைபடக் குறித்துவிட்டது என்பதே என் வாதம்.

படம் காட்டும் கணம் மின்னல். விஞ்ஞானி வசீகரன் படைத்த சிட்டிக்கு மனித உணர்ச்சிகளைக் கற்பிக்க அவர் படாத பாடு பட்ட பின், மின்னல் தாக்கியதும் சினமும் பாசமும் அதனிடம் வெளிப்படத் தொடங்குகின்றன. மேல்நாட்டுப் பூத கதைப் படங்களிலிருந்து வந்த பழைய உத்தி இது. கண்ணுக்கு விருந்தேயன்றிக் கருத்துக்கு விளக்கமன்று. (படப்பிடிப்புத் தொடங்கிய மாதத்திலேயே, 2008 பிப்ரவரி 27-இல், மறைந்துபோன எழுத்தாளர் சுஜாதா, 'என் இனிய இயந்திரா'வில் ஜீனோ என்னும் இயந்திர நாய்க்கு அறிவு முதிர இடியையும் மின்னலையும் துணைக்கு அழைக்கவில்லை என்பதை அவருடைய வாசகர்கள் அறிவர்.)

மின்னலுக்கு முன்னரே படத்தில் வரும் தீ விபத்துக் காட்சிதான் உண்மையில் ஆராயத்தக்கது. எரியும் கட்டடத்தில் குளித்துக்கொண்டிருந்த இளம்பெண்ணை, ஆடையில்லாத கோலத்திலேயே தூக்கிவந்து, ஊராரும் தொலைக்காட்சிக் காமிராக்களும் சூழ நின்ற இடத்தில் சிட்டி இறக்கிவிடுகிறது. அவள் வெட்கம் தாளாமல் ஓடி வாகனத்தில் அடிபட்டு மாண்டுபோகிறாள். உயிரைக் காத்த பின் அவ்வுயிர் ஏன் போயிற்று என்பது அதற்கு விளங்கவில்லை. தமிழில் கூச்சம் என்ற ஒரே சொல், பிறர் விரல் பட்டால் விலாவில் எழும் சிலிர்ப்பையும், பிறர் கண் பட்டால் மனத்தில் எழும் நாணத்தையும் ஒருங்கே குறிக்கும். கண் கூசும், பல் கூசும், பொய் சொல்ல நாக் கூசும். தோலின் அனுபவமே முதிர்ந்து தர்மபுத்தியாகிறது என்னும் ஒரு தத்துவம் இச்சொல்லில் உறைந்து கிடக்கிறதென்று கொள்ளலாம். சிட்டிக்கு இல்லாதது அறநூல் அறிவன்று, கூச்சம்.

இவ்விடத்தில் தொல்காப்பிய மரபியலின் உயிர்ப் பாகுபாடு நமக்குப் பெருந்துணையாகிறது. புல்லும் மரமும் தொட்டு அறியும் ஓரறிவுடையன. அதன்மேல் சுவை, நாற்றம், காட்சி, கேள்வி எனப் படி ஏறி, ஆறாவதாக மனம் வருகிறது. சிட்டியோ மனத்தின் தொழில்களாகிய நினைவையும் கணக்கையும் முதல் நாளிலேயே முழுமையாகப் பெற்றுவிட்டது. புல்லுக்கு உள்ள முதலறிவுதான் அதற்கு வாய்க்கவில்லை. தொடுவதை அளக்கும் கருவி அதன் உடலில் இருக்கலாம், ஆனால் தொடப்படுதல் என்னும் அனுபவம் இல்லை. ஆகவே மனிதன் கீழிருந்து ஏறிய ஏணியில் அது மேலிருந்து இறங்க வேண்டியதாயிற்று. அடுத்த காட்சிகள் இதற்குச் சான்று பகர்கின்றன: சிக்கலான பிரசவம் ஒன்றை நடத்திமுடித்த சிட்டிக்கு, வசீகரனின் காதலி சனா மகிழ்ச்சியில் ஒரு முத்தம் தர, அதிலிருந்தே அதன் காதலும் கேடும் பிறக்கின்றன. என் கணக்கில் பிரக்ஞை பிறந்த இடம் அந்த முத்தம்.

முத்தியால்பேட்டைக்குத் தெற்கே, நடந்தே போகும் தொலைவில், 1914-இல் 'ஆர்யா' பத்திரிகையைத் தொடங்கிய ஸ்ரீ அரவிந்தர், சைதன்யம் ஜடத்தினுள்ளே முன்னரே மறைந்திருந்து படிப்படியாக மலர்கிறது என்று போதித்தார். அவர் கொள்கைப்படி உலோகத்திலும் அது உறங்குகிறதென்று கொண்டால், முத்தம் எழுப்பியது ஏற்கெனவே உள்ளதைத்தானே, தொடுவுணர்வை மூலமாக்குவானேன் என்று ஆட்சேபிக்கலாம். ஆட்சேபம் வலியதே. எனினும் உறங்குவது எழுவதற்கும் ஒரு வாயில் வேண்டும். அவ்வாயில் உடம்பு என்பதை இப்படம், தன்னை அறியாமலேயே, நிறுவிவிடுகிறது.

சிவப்புச் சில்லு பொருத்தப்பெற்றுத் தன்னைப்போல் படையொன்றைச் சிட்டி பெருக்கிக்கொள்ளும் பிற்பகுதி, தேசிய விருது பெற்ற தந்திரக் காட்சிகளால் சிறந்ததேயன்றி, நம் விசாரத்திற்கு உதவுவதன்று. நீதிமன்ற ஆணைப்படி தன் உறுப்புகளைத் தானே ஒவ்வொன்றாகக் கழற்றி வைக்கும் காட்சியோ வேறு தரத்தது. இழப்பதற்குத் 'தான்' என ஒன்று இருந்தாலன்றி அதன் பேச்சில் அத்தனை துயரம் ஒலிக்க நியாயமில்லை.

2030-ஆம் ஆண்டில் நடப்பதாகக் காட்டும் இறுதிக் காட்சியில், அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்ட சிட்டியைக் குறித்து, ஏன் இதைப் பிரித்துவிட்டார்கள் என்று ஒரு மாணவி வினவ, தான் சிந்திக்கத் தொடங்கியதே காரணமென அது விடையிறுக்கிறது. அரங்கம் கைதட்டிய விடைதான். ஆயினும் சிந்தனை அதற்கு முதல் நாளே இருந்தது. அவ்விடத்தில் வந்திருக்க வேண்டிய சொல் 'கூசத் தொடங்கினேன்' என்பதே.