குற்றம் தகட்டின் மேல் இல்லை

பிரேக்கை மிதித்ததும் ஸ்டியரிங் நடுங்கினால் ஒர்க்‌ஷாப்பில் முதலில் வரும் தீர்ப்பு, 'டிஸ்க் பெண்ட் ஆயிடுச்சு' என்பதுதான். டிஸ்க்கைக் கழற்றி லேத்தில் கொடுத்துச் சீவுகிறார்கள், இல்லையென்றால் புதிது போடுகிறார்கள். நடுக்கம் நிற்கிறது. சில ஆயிரம் கிலோமீட்டர் ஓடியதும் பல கார்களில் அது திரும்பி வந்துவிடுகிறது. அந்தத் தீர்ப்பு பெரும்பாலும் தவறு என்பதற்கான சான்று டிஸ்க் பிரேக்கின் வரலாற்றிலேயே கிடக்கிறது. நூறு ஆண்டுகளுக்கும் மேலான அந்தக் கதையில் சுழலும் தகடு தானாகக் கெட்டது அபூர்வம். தகட்டை உரசிய பொருளும் அதைப் பிடித்த பாகங்களுமே அதைக் கெடுத்திருக்கின்றன.

பர்மிங்ஹாமில் கார் கட்டிய ஃபிரெடரிக் லான்செஸ்டர் 1902-இல் டிஸ்க் பிரேக்குக்குக் காப்புரிமை பெற்றார். சக்கரத்தோடு சுற்றும் தகட்டை இரு பக்கமும் இடுக்கிப் பிடித்து நிறுத்தும் அவருடைய வழி இன்றுவரை மாறவில்லை. ஆனால் தகட்டைப் பிடிக்க அவர் வைத்தது செம்பு. உலோகத்தோடு உலோகம் உரசிக் காதைத் துளைக்கும் கிறீச்சொலி எழுந்தது. தார் காணாத அந்தக் காலத்துச் சாலைகளின் புழுதி இடையில் புகுந்து மென்மையான செம்பை அரைத்துத் தின்றது. அதே காலத்தில் பிரான்சில் லூயி ரெனோ கொண்டுவந்த, உள்ளிருந்து விரியும் டிரம் பிரேக்குக்கோ மூடிய கூடு பாதுகாப்பாக அமைந்தது. அடுத்த அரை நூற்றாண்டு டிரம்முடையது ஆயிற்று. லான்செஸ்டருக்குக் குறையாக இருந்த பொருளைத் தேடியவர் டெர்பிஷயரின் ஹெர்பர்ட் ஃப்ரூட். மலைச்சரிவில் இறங்கும் குதிரை வண்டிக்காரர்கள் பழைய பூட்ஸ் தோலை பிரேக் கட்டையில் வைப்பதைப் பார்த்தவர் அவர். 1897-இல் அவர் தொடங்கிய தொழில்தான் பின்னாளில் ஃபெரோடோ ஆனது. தோலையும் துணியையும் கடந்து, சூடு தாங்கும் கல்நார் லைனிங்குக்கு அவர் வந்து சேர்ந்தார். வரலாறுகள் லான்செஸ்டருக்குப் பக்கங்களையும் ஃப்ரூட்டுக்கு ஓரிரு வரியையும் ஒதுக்குகின்றன. இது நியாயமில்லை. பிடிக்கும் பொருள் இல்லாமல் தகடு வெறும் தகடுதான்.

1949-இல் அமெரிக்காவின் கிராஸ்லி நிறுவனம் தன் சிறிய கார்களில் டிஸ்க் பிரேக்கைக் கொடுத்தது. பனியை உருக்கச் சாலையில் தூவிய உப்பு பிரேக்கின் அசையும் பாகங்களை அரித்து இறுக்கிவிட்டது. கிராஸ்லி டிரம்முக்கே திரும்பியது. அப்போதும் தோற்றது தகடல்ல. 1953-இல் டன்லப் டிஸ்க் பிரேக் பூட்டிய ஜாகுவார் சி-டைப்பை டோனி ரோல்ட்டும் டங்கன் ஹாமில்டனும் மாறி மாறி ஓட்டி லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தை வென்றார்கள். அந்தப் பந்தயத்தில் சராசரி வேகம் மணிக்கு 100 மைலைத் தாண்டியது அதுவே முதல் முறை. நீண்ட நேர்ப்பாதையின் முடிவில் சுற்றுக்குச் சுற்று உச்ச வேகத்திலிருந்து இறங்கும் சூட்டைத் தாங்கிய ஒரு சாதனம், கடைக்கும் ஆபீசுக்கும் போய்வரும் காரில் சூட்டால் வளைந்துவிட்டது என்றால் எளிதில் நம்ப முடியவில்லை.

சூடு தகட்டைக் கெடுக்கவே செய்யாதா என்று கேட்கலாம். கெடுக்கும். மிகையாகக் காய்ந்த வார்ப்பிரும்பில் ஆங்காங்கே சிமென்டைட் என்ற கடினமான திட்டுகள் உருவாகின்றன. அவை சுற்றியுள்ள இரும்பைவிட மெதுவாகத் தேய்வதால் தகடு மேடுபள்ளமாகிறது. ஆனால் இதுவும் வளைவதல்ல, சீரற்ற தேய்வுதான். பந்தயப் பொறியாளர் கரோல் ஸ்மித், 'வளைந்த டிஸ்க்' என்பது பெரும்பாலும் கட்டுக்கதை என்று விளக்கி எழுதினார். பேடின் பொருள் தகட்டில் சீரில்லாமல் ஒட்டுவதையே அவர் முதல் காரணமாகக் கண்டார். இதோடு இன்னொரு காரணமும் உண்டு. ஹப்பில் துரு படிந்திருந்தால் அதன்மேல் பூட்டிய டிஸ்க் மயிரிழை சாய்ந்து நிற்கும். பிரேக் போடாதபோதும் ஒவ்வொரு சுற்றிலும் அதே இடம் பேடைத் தொட்டுத் தொட்டு மெலிகிறது. தடிமனில் ஒரு மில்லிமீட்டரின் நூறில் இரண்டு பங்கு வேறுபாடு வந்தாலே போதும், கால் பெடலில் துடிப்பை உணரும்.

உட்புறப் பேடும் வெளிப்புறப் பேடும் வெவ்வேறு அளவில் தேய்வதற்கும் வரலாறு உண்டு. தொடக்ககால டிஸ்க் பிரேக்குகள் பலவற்றில் தகட்டின் இரு பக்கமும் பிஸ்டன் இருந்தது. செலவும் இடமும் குறைய வேண்டுமென்று, சாதாரணக் கார்களில் உட்பக்கம் மட்டும் பிஸ்டன் வைத்த, பின்களின்மேல் நகரும் காலிப்பர் பரவியது. பிஸ்டன் உள்பேடைத் தள்ளும். அதன் எதிர்விசையில் காலிப்பர் நகர்ந்து வெளிப்பேடை இழுக்கும். இதை மலிவுக்காகச் செய்த சமரசம் என்று குறை சொல்பவர்கள் உண்டு. நான் அப்படிக் கருதவில்லை. கிரீஸ் காயாதவரை அது செம்மையாக வேலை செய்கிறது. பின் துருப்பிடித்து இறுகினால் மட்டும் உள்பேடே முழுச் சுமையையும் சுமந்து சீக்கிரம் கரைகிறது. கிராஸ்லியை வீழ்த்திய அதே அரிப்புதான் இதுவும்.

சீவினால் நடுக்கம் நிற்கிறதே, அப்படியானால் குற்றம் டிஸ்க்கில்தானே என்பது வலுவான கேள்விதான். சீவுவது தேய்வின் தடத்தை அழிக்கிறது. தேய்த்த காரணம் ஹப்பிலேயே தங்கிவிடுகிறது. ஆகவே டிஸ்க்கைக் கழற்றும் முன்பே டயல் கேஜை வைத்துச் சக்கரத்தைச் சுற்றி ஆட்டத்தை அளக்க வேண்டும். கழற்றிய பிறகு மைக்ரோமீட்டரால் எட்டு இடங்களில் தடிமன் பார்த்து, குறைந்தபட்ச அளவுக்குக் கீழே போயிருந்தால் சீவாமல் மாற்றிவிட வேண்டும். ஹப்பை வயர் பிரஷால் வெண்மையாகத் தேய்த்து, பின்களுக்கு அதற்குரிய கிரீஸ் தடவி, வீல் நட்டுகளை எதிரெதிராக, டார்க் ரெஞ்சால் ஒரே அளவில் இறுக்கிய பிறகு, டயல் கேஜை மறுபடி வைத்து முள் எவ்வளவு ஆடுகிறது என்று பார்க்க வேண்டும்.