திரிங்காப் சரிவில் புல் வெட்டு

கேமரன் மலையில் தேயிலை வைத்த துரைமார்களைப் பற்றி நிறைய எழுதியாகிவிட்டது. கொழுந்து பறித்த பெண்களின் படம் தேயிலைப் பெட்டிமேலேயே இருக்கிறது. அந்தச் செடிகளுக்கு நடுவே முளைத்த புல்லை யார் எடுத்தார்கள், எதை வைத்து எடுத்தார்கள் என்பதை மட்டும் எங்கும் காணோம். எங்கள் குடும்பம் மூன்று தலைமுறையாகச் செய்த வேலை அது. இப்போது திரிங்காப்பில் என் வீட்டுக்குப் பின்னால் இருக்கிற அரை ஏக்கர் சரிவுக்கு பேட்டரியில் ஓடும் புல்லு மெஷின் ஒன்று பார்த்துக்கொண்டிருக்கிறேன். அதற்கு முன்னால் இந்தக் கதையைச் சொல்லிவிட வேண்டும்.

1885-இல் வில்லியம் கேமரன் அளந்துவிட்டுப் போன மலை, நாற்பது வருஷம் சும்மாதான் கிடந்தது. 1925-இல் பிரிட்டிஷ் அதிகாரி சர் ஜார்ஜ் மேக்ஸ்வெல் வந்து பார்த்த பிறகுதான் வேலை சூடு பிடித்தது. 1929-இல் ஜான் ஆர்ச்சிபால்ட் ரஸ்ஸல் 'போ' தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். அவருக்குத் துணையாக வந்த மில்ன், இலங்கையில் தேயிலை பார்த்துப் பழகியவர். தாப்பாவிலிருந்து ரோடு வந்து சேர்ந்தது 1931-இல்.

இலங்கைத் தோட்டங்களில் அந்தக் காலத்துச் சட்டம் ஒன்று உண்டு. செடிக்கு அடியில் ஒரு பச்சைகூடத் தெரியக் கூடாது, மண் துடைத்துவிட்ட மாதிரி கிடக்க வேண்டும். மலாயாவின் ரப்பர் தோட்டங்களிலும் வெகுகாலம் அதே வழக்கம்தான். அதற்கு உண்டான கருவி சுரண்டி. உள்ளங்கை அகலத்தில் ஓர் இரும்புத் தகடு, ஒரு முழத்துக்கும் குறைந்த பிடி. குனிந்தோ குந்தியோதான் அதைப் பிடிக்க முடியும். செடி நன்றாக மூடிவிட்டால் அடியில் வெயில் இறங்காது, புல்லும் அடங்கிவிடும். மூன்று நான்கு வருஷத்துக்கு ஒரு தடவை கவ்வாத்து வெட்டுவார்களே, அப்போதுதான் வினை. வெயில் தரைக்கு வந்ததும் புல் மொத்தமும் ஒரே நேரத்தில் கிளம்பும். என் பாட்டி அந்த மாதங்களில் காலை முதல் மாலை வரை குந்தியபடியே சரிவில் மேலேறுவாராம். காலில் அட்டை ஏறாமல் இருக்க உப்பைத் துணியில் முடிந்து, நனைத்துக் கட்டிக்கொள்வாராம். அவர் முட்டியை நான் பார்த்திருக்கிறேன். நேராக நீட்டிப் படுக்க அவரால் முடிந்ததே இல்லை.

1948-இல் கம்யூனிஸ்ட் கெரில்லாக்களை எதிர்த்து அவசரகாலம் வந்தது. 1951 அக்டோபர் 6-ஆம் தேதி, பிரேசர் மலைக்குப் போகும் ரோட்டில் பிரிட்டிஷ் ஹைகமிஷனர் ஹென்றி கர்னியைப் பதுங்கியிருந்து சுட்டுக் கொன்றார்கள். ரோட்டோரப் புதர் அன்றிலிருந்து எதிரியாகிவிட்டது. மறு வருஷம் ஜூன் முதல் அக்டோபர் வரை, பதுங்க இடம் கொடுக்கும் ரோட்டோரங்களில் சுமார் 1,250 ஏக்கரில் செடிகொல்லி மருந்தை அடித்தார்கள். அதில் ஒன்று 2,4,5-டி. பிற்பாடு வியட்நாமில் அமெரிக்கர்கள் கொட்டிய ஆரஞ்சு மருந்தில் பாதி அதுதான். 1953-இல் இங்கே அந்த மருந்தடிப்பு குறைந்துபோனதற்குக் காரணம் யாருடைய உடம்பைப் பற்றிய கவலையும் அல்ல. கணக்குப் போட்டுப் பார்த்தால் ஆளை வைத்துக் கையால் வெட்டுவது மலிவாக இருந்தது. எங்கள் ஆட்களின் ஒரு நாள் கூலி எவ்வளவு சொற்பம் என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சி எனக்குத் தேவையில்லை.

ரோட்டோரம் வெட்டியவர்களின் கையில் இருந்தது நீளமான கத்தி. இடுப்பு உயரத்துக்கு மரக்கழி, அதன் நுனியில் வளைத்துவிட்ட பட்டைத் தகடு. நின்றபடி, தோளிலிருந்து ஊஞ்சல் மாதிரி வீச வேண்டும். போகும்போது ஒரு வெட்டு, வரும்போது ஒரு வெட்டு. தாத்தா கடைசி வருஷங்களில் அந்த வேலைக்குத்தான் மாறினார். நிமிர்ந்து நின்று செய்கிற வேலை கிடைத்ததே என்று அவருக்கு அதில் பெருமைகூட இருந்தது.

கணக்கு திரும்பியது 1962-இல் பாரகுவாட் என்ற புல்கொல்லி மருந்து கடைக்கு வந்தபோது. 1974-இல் கிளைபோசேட். உலகத்திலேயே அது முதன்முதலாக விற்பனைக்கு வந்த இடங்களில் ஒன்று மலேசியாவின் ரப்பர் காடு. பத்துப் பேர் சுரண்டிய இடத்துக்கு முதுகில் மருந்துத் தோம்பு கட்டிய இரண்டு பேர் போதும் என்று ஆனது. அந்த இரண்டு பேரும் பெரும்பாலும் பெண்கள். என் பெரியம்மா ஒரு தோட்டத்தில் பதினைந்து வருஷத்துக்கு மேல் மருந்தடித்தார். தோம்பின் மூடி இறுகாமல் முதுகு வழியாக ஒழுகும். நகங்கள் முதலில் மஞ்சளாகும், பிறகு வெள்ளைக் கோடு விழும், பிறகு வேரோடு பெயர்ந்து வந்துவிடும். மூக்கில் ரத்தம் வந்தால் வெயில் சூடு என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள். சோறு பிசைய முடியாமல் கரண்டியால் சாப்பிடுகிற பெரியம்மாவைத்தான் சின்ன வயதில் எனக்குத் தெரியும்.

2002-இல் ஐரீன் பெர்னாண்டஸின் தெனாகனித்தா அமைப்பு, தோட்டங்களில் மருந்தடிக்கும் பெண்களைப் பற்றி ஓர் ஆய்வு வெளியிட்டது. பெரியம்மாவின் நகமும் மூக்கும் அப்படியே அதில் இருந்தன. அதே வருஷம் பாரகுவாட்டை நிறுத்தப்போவதாக அரசாங்கம் சொன்னது. 2006-இல் கட்டுப்பாட்டைத் தளர்த்தியது. முழுத் தடை வந்தது 2020 ஜனவரி 1-ஆம் தேதிதான். அந்தப் பதினெட்டு வருஷத் தாமதத்தை என்னால் இன்றும் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

இதற்கிடையில் 1971-இல் அமெரிக்காவின் ஹூஸ்டனில் ஜார்ஜ் பாலஸ் என்பவர், கார் கழுவும் இடத்தில் சுழலும் தூரிகைகளைப் பார்த்து ஒரு யோசனை பிடித்தார். ஒரு தகர டப்பாவில் துளை போட்டு, மீன்பிடி நரம்பைக் கோர்த்து, சுழல வைத்தார். சுழற்சியில் நரம்பு கம்பிபோல விறைத்துக்கொண்டு புல்லை அறுத்தது. நம் ஊருக்கு வந்து நிலைத்தது அதோடு பெட்ரோல் எஞ்சின் சேர்ந்த ஜப்பான் வகை. தனாகா 328 என்றால் மலேசியாவில் புல் வெட்டும் யாருக்கும் விளக்கம் வேண்டாம். என் தம்பி அதை முதுகில் மாட்டிக்கொண்டு பள்ளிக்கூடம், கோயில், இடுகாடு என்று கண்ட்ராக் எடுத்தான். தேயிலைச் செடிக்கு நடுவே மட்டும் அதை விடுவதில்லை, நைலான் நரம்பு பட்டால் இளம் தண்டின் தோல் வளையமாக உரிந்துபோகும். காலையில் பதினைந்து டிகிரிக் குளிரில் அந்த எஞ்சினின் அதிர்வு விரலுக்குள் இறங்கும். குளிரும் அதிர்வும் சேர்ந்தால் விரல் நுனியில் ரத்தம் ஓடாமல் வெளுத்துப் போகிற நோய் வரும். தம்பிக்கு இடது கையில் இரண்டு விரல் அப்படி. ஒரு காதும் மந்தம்.

இத்தனைக்கும் நடுவில் மலைக்கு என்ன ஆனது என்பதையும் பார்க்க வேண்டும். சுரண்டினாலும் மருந்தடித்தாலும் கடைசியில் மண் வெறுமையாகிறது. வருஷத்துக்கு 2,500 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிற சரிவில் வெறும் மண் நிற்காது. எங்கள் திரிங்காப் பக்கத்துத் தண்ணீர் தெலோம் ஆற்றுக்குப் போய், சுரங்கம் வழியாக பெர்த்தாம் ஆற்றில் சேர்ந்து, 1963-இல் கட்டி முடித்த ரிங்லெட் அணையில் தேங்குகிறது. அந்த அணையை மண் மேடாக்கிவிட்டது. 2013 அக்டோபரில் பெருமழையில் அணையைத் திறந்துவிட, பெர்த்தாம் பள்ளத்தாக்கில் வீடுகளும் உயிர்களும் போயின. மண்ணை இறக்கிவிட்டதில் காய்கறிக் காடுகளுக்கும் காட்டை அழித்த கட்டடங்களுக்கும்தான் பெரும் பங்கு. ஆனாலும் என் அரை ஏக்கரிலிருந்து ஒரு கூடை மண்கூட அங்கே போகக் கூடாது என்பது என் பிடிவாதம். புல்லின் தலையை மட்டும் எடுத்துவிட்டு வேரை விட்டுவைத்தால் சரிவு நிற்கும். அதனால் மருந்து என் நிலத்தில் கிடையாது.

வெட்டுகிறவனின் விரலையும் மலையின் மண்ணையும் ஒருசேர விட்டுவைக்கிற கருவி, என் கணக்குப்படி, இந்த பேட்டரி மெஷின்தான். மகித்தா கம்பெனி 18 வோல்ட் லித்தியம் பேட்டரியை 2005-இல் கொண்டுவந்ததிலிருந்து இது வளர்ந்த வேகம் பெரிது. வாங்கப் போகிறவர்கள் வோல்ட்டை மட்டும் பார்த்து ஏமாறக் கூடாது. வோல்ட்டையும் பேட்டரியில் எழுதியிருக்கும் ஆம்பியர்-அவரையும் பெருக்குங்கள். 18 வோல்ட், 5 ஆம்பியர்-அவர் என்றால் 90 வாட்-அவர். இரண்டு போட்டு ஓடும் மெஷினில் 180. தடித்த ஈரப் புல்லில் மோட்டார் 450 வாட் இழுக்கும் என்று வைத்தால் 24 நிமிஷத்தில் தீர்ந்துவிடும். என் நிலத்துக்கு அது பத்தாது. ஆகவே இன்னொரு ஜோடி பேட்டரியும் இரண்டையும் ஒன்றாக ஏற்றும் சார்ஜரும் சேர்த்துத்தான் விலையைக் கூட்டிப் பார்க்கிறேன். பேட்டரி விலை மெஷின் விலையை எட்டும். வீட்டில் இருக்கிற டிரில்லும் அதே பேட்டரியில் ஓடினால் அந்தச் செலவு கொஞ்சம் ஆறும்.

பிடியும் முக்கியம். சைக்கிள் ஹேண்டில் மாதிரி அகலமானது சமதரைக்கு அருமை. படிப்படியாக இறங்குகிற சரிவில் அது தொடையில் இடிக்கும், வளையப் பிடிதான் வசதி. பிரஷ் இல்லாத மோட்டார் அவசியம். லாலான் புல் முற்றிய இடத்துக்கு நரம்பைக் கழற்றிவிட்டு இரும்புத் தகடு மாட்ட இடம் இருக்க வேண்டும், சின்ன மாடல்கள் பலவற்றில் அது கிடையாது. மழையில் வேலை வேண்டாம். கண்ணாடியும் பூட்ஸும் இல்லாமல் வேண்டவே வேண்டாம், கல் தெறிக்கும்.

தம்பியைக் கடைக்குக் கூட்டிப்போய் ஒன்றைத் தூக்கிப் பார்க்கச் சொன்னேன். பட்டனை அழுத்தி இரண்டு நிமிஷம் ஓடவிட்டான். "அண்ணே, கை மரத்துப் போகல" என்றான். வளையப் பிடி வைத்த, இரண்டு பேட்டரி சேர்ந்து 36 வோல்ட் தரும் அந்த மாடலுக்கே முன்பணம் கட்டியிருக்கிறேன். நரம்பு 2.4 மில்லிமீட்டர், இரண்டு சுருள்.