பிள்ளை எப்படிப் படிக்குது? - திண்ணையிலிருந்து செல்போன் வரை

செங்கம் என்றதும் வரலாறு படிப்பவர்களுக்கு நடுகற்கள்தான் நினைவுக்கு வரும். தமிழ்நாடு தொல்லியல் துறை 1972ல் 'செங்கம் நடுகற்கள்' என்று ஒரு நூலே வெளியிட்டது. ஆநிரைப் போரில் இறந்தவன் யார், எந்த அரசன் காலம் என்பதைக் கல்லில் வெட்டி ஊரார் பார்க்கும்படி நட்டு வைத்தார்கள். ஊருக்குத் தெரிய வேண்டியது ஊரிலேயே நின்றது. அதே பகுதியில் இன்று ஒரு மூன்றாம் வகுப்புப் பிள்ளை என்ன கற்றிருக்கிறது என்ற விவரம் முதலில் அரசாங்கத்தின் கணினிக்குப் போகிறது. வீட்டுக்கு எப்போது வருகிறது? இதற்குப் பின்னால் இருநூறு வருடக் கதை உண்டு.

திண்ணைப் பள்ளிக்கூடத்தில் மதிப்பெண் அட்டை கிடையாது. பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகினார்கள், எண்சுவடியை உரக்க ஒப்பித்தார்கள். திண்ணை தெருவைப் பார்த்து இருந்ததால், யாருக்கு வாய்ப்பாடு வருகிறது, யார் தடுமாறுகிறார்கள் என்பது போகிறவர் வருகிறவர் காதில் விழுந்தது! (பிரம்படிச் சத்தமும் சேர்த்துத்தான். எல்லாச் சாதிப் பிள்ளைகளுக்கும் அந்தத் திண்ணையில் இடம் இருக்கவில்லை என்பதையும் மறக்கக் கூடாது.)

1822ல் சென்னை கவர்னர் தாமஸ் மன்றோ பள்ளிகளைக் கணக்கெடுக்கச் சொன்னார். 1826ல் வெளியான அவரது குறிப்பின்படி மாகாணத்தில் 12,498 பள்ளிகள். எத்தனை பிள்ளைகள், என்ன சாதி என்பதெல்லாம் அந்தக் கணக்கில் உண்டு. எந்தப் பிள்ளைக்கு எவ்வளவு படிக்க வரும் என்பது இல்லை. பிறகு 1860களில் தேர்வு முடிவைப் பார்த்துப் பள்ளிக்கு மானியம் தரும் முறை வந்தது. இங்கிலாந்தில் 1862ல் தொடங்கிய ஏற்பாடு அது. இன்ஸ்பெக்டர் வந்து சோதித்தார். முடிவு மேலே போனது, பணம் கீழே வந்தது. பெற்றோர் இந்தக் கணக்கில் எங்குமே இல்லை.

ரேங்க் கார்டு பிற்காலத்தில் வந்தது. எழுதப் படிக்கத் தெரியாத அப்பா அதில் கைநாட்டு வைத்தார். சிவப்பு மையைப் பார்த்தால் அடி, இல்லாவிட்டால் இல்லை. பிள்ளைக்குக் கழித்தல் வரவில்லையா, எழுத்தே தெரியவில்லையா என்பதை அந்த அட்டை யாருக்கும் சொன்னதில்லை.

இதை உண்மையில் மாற்றப் பார்த்தது செயல்வழிக் கற்றல்தான். 2003ல் சென்னை மாநகராட்சியின் 13 பள்ளிகளில் தொடங்கி, சில வருடங்களில் தமிழகம் முழுக்கப் பரவியது. ஆந்திராவின் ரிஷிவேலியில் சிறிய கிராமப் பள்ளிகளுக்காக உருவான முறை இதன் மூலம். பாடம் அட்டைகளாகப் பிரிக்கப்பட்டு, படச் சின்னங்களோடு ஓர் ஏணிப்படியாகச் சுவரில் தொங்கும். தான் எந்தப் படியில் நிற்கிறோம் என்று பிள்ளைக்கே தெரியும். ஒரே ஆசிரியர் பல வகுப்புகளைப் பார்க்க வேண்டிய ஜவ்வாது மலைப் பள்ளி போன்ற இடங்களுக்கு ரொம்பப் பொருத்தமான முறை. ஆனால் வேடிக்கை என்னவென்றால், மார்க் இல்லை, வீட்டுப்பாடம் இல்லை என்பதால் 'பள்ளியில் ஒன்றும் சொல்லித் தருவதில்லை' என்று பல பெற்றோர் நினைத்தார்கள். ஏணி வகுப்பறைச் சுவரிலேயே இருந்துவிட்டது, வீட்டுக்குப் போகவில்லை.

2012-13ல் முப்பருவ முறை வந்தது. மதிப்பெண் போய் ஏ1, பி2 என்று கிரேடு. நூறு நாள் வேலைக்குப் போகும் அம்மாவுக்கு 'பி2' என்றால் என்ன புரியும்? அதே காலத்தில் எமிஸ் எனும் இணையப் பதிவேடும் ஆரம்பமானது. கொரோனா விடுமுறைக்குப் பிறகு, 2022 ஜூனில் 'எண்ணும் எழுத்தும்' திட்டம். இதில் பிள்ளைகள் அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலைகள். அழகான பெயர்கள், எந்தப் பாட்டிக்கும் புரியும். மதிப்பீட்டை ஆசிரியர் செயலியில் ஏற்றுகிறார். சிக்னல் இல்லாவிட்டால் அதற்காக அலைகிறார்.

2009ம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டத்தின் 24வது பிரிவு தெளிவாகவே இருக்கிறது. ஆசிரியர் பெற்றோரைத் தவறாமல் சந்தித்து, பிள்ளையின் வருகை, கற்கும் திறன், முன்னேற்றம் பற்றித் தெரிவிக்க வேண்டும். அதாவது நேரில் பேச வேண்டும். 2005 முதல் நடக்கும் 'அசர்' ஆய்விலும் தன்னார்வலர்கள் வீட்டுக்கே போய், எழுத்து, சொல், பத்தி, கதை உள்ள ஒரு தாளைப் பிள்ளையிடம் கொடுத்து வாசிக்கச் சொல்கிறார்கள். அம்மாவுக்குப் படிக்கத் தெரியாவிட்டாலும், பிள்ளை திணறுவது காதில் விழும். திண்ணையில் நடந்ததும் இதுதானே!

2024ல் வாட்ஸ்அப்பில் தகவல் அனுப்புவதற்காக அரசுப் பள்ளிப் பெற்றோரின் செல்போன் எண்கள் ஓடிபி மூலம் சரிபார்க்கப்பட்டன. நல்ல முயற்சிதான். ஆனால் செங்கத்துக்கு வடக்கே மலையூர்களிலிருந்து பலர் வேலை தேடிக் கர்நாடகம், கேரளம் என்று மாதக்கணக்கில் போய்விடுகிறார்கள். வீட்டில் இருக்கும் ஒரே போன் அப்பாவோடு போய்விட்டால், பிள்ளை மொட்டிலிருந்து மலருக்கு வந்த சேதி எங்கோ ஒரு தோட்டத்தில் அவர் சட்டைப்பையில் கிடக்கும். மலையில் பிள்ளையோடு இருக்கும் பாட்டிக்கு அதை யாராவது நேரில் போய்த்தான் சொல்ல வேண்டும்.