காணாத நோயாளிக்காக ஒரு கல்வி

பென்னாகரத்திலோ அரூரிலோ வாழும் ஒரு தாயின் மார்பில் சிறு கட்டி ஒன்று தோன்றுகிறது. அறுவை மருத்துவர் அதிலிருந்து ஒரு துணுக்கை எடுத்து, ஃபார்மலின் நிறைந்த சிறு புட்டியில் இட்டு, பெயரும் எண்ணும் எழுதி ஆய்வுக்கு அனுப்புகிறார். பின்னர் அக்குடும்பம் காத்திருக்கிறது. சில நாள்கள் கழித்து ஒரு தாள் வருகிறது. வந்திருப்பது புற்றா, தீங்கற்ற கட்டியா என்பதை அத்தாளின் இரண்டு வரிகள் சொல்லிவிடுகின்றன. கட்டியை அறுத்தெடுத்த மருத்துவரை அக்குடும்பம் வாழ்நாள் முழுதும் நன்றியோடு நினைக்கும். அந்த இரண்டு வரிகளை எழுதியவர் யார் என்று ஒருவரும் கேட்பதில்லை.

அவர் நோய்க்குறியியல் மருத்துவர். ஆங்கிலத்தில் பேத்தாலஜிஸ்ட் என்பர். தாம் ஒருபோதும் காணாத நோயாளியின் வாழ்வையும் சாவையும் பற்றி எழுதும் பொறுப்பு அவருடையது. இத்தகைய பொறுப்பை ஏற்க ஒருவர் எவ்வாறு பயிற்றுவிக்கப்படுகிறார்? அப்பயிற்சியின் வரலாறு நமக்கு எதைக் கற்பிக்கிறது? இவற்றைச் சிறிது சிந்திப்போம்.

நோய் என்பது உடலின் நீர்மங்கள் சமநிலை இழப்பதால் வருவது என்றே பல நூற்றாண்டுகளாக ஐரோப்பா நம்பியிருந்தது. ஜெர்மனியைச் சேர்ந்த ருடால்ஃப் விர்ச்சோ 1858ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில், நோயின் இருப்பிடம் உயிரணுவே என்று நிறுவினார். அன்று முதல் நுண்ணோக்கி மருத்துவமனையின் இன்றியமையாக் கருவியாயிற்று. அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் 1889ஆம் ஆண்டு ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனை திறக்கப்பட்டபோது, அதன் தூண்களுள் ஒருவராக விளங்கிய வில்லியம் வெல்ச் நோய்க்குறியியல் பேராசிரியர். அவருடைய தோழர் வில்லியம் ஆஸ்லர், நோயாளிகளின் படுக்கையருகே புகழ் பெறுமுன், கனடாவின் மான்ட்ரியால் நகரில் நூற்றுக்கணக்கான பிரேதப் பரிசோதனைகளைத் தம் கைகளாலேயே செய்தவர். அம்மருத்துவமனையில்தான், பட்டம் பெற்ற இளைஞர்கள் மருத்துவமனையிலேயே தங்கி, மூத்தோரின் மேற்பார்வையில் பணிசெய்து கற்கும் முறை உருப்பெற்றது. அங்கேயே உறைந்ததால் அவர்கள் ரெசிடென்ட் எனப்பட்டனர். குருவின் இல்லத்தில் தங்கிக் கற்கும் குருகுல முறையை அறிந்த நமக்கு இது அந்நியமானதன்று.

நம் நாட்டில் எம்.பி.பி.எஸ். முடித்தவர் மூன்றாண்டுகள் பயின்று எம்.டி. பட்டம் பெறுகிறார். 1975இல் தேசியத் தேர்வு வாரியம் அமைக்கப்பட்டபின், மருத்துவக் கல்லூரி இல்லாத பெரிய மருத்துவமனைகளிலும் பயின்று டி.என்.பி. என்னும் இணையான தகுதியைப் பெற வழி பிறந்தது.

அம்மூன்றாண்டுகளில் அவர் கற்பது என்ன? வந்திருக்கும் உறுப்பைக் கண்ணால் பார்த்து, தொட்டு, அளந்து, எப்பகுதியை வெட்டி எடுக்க வேண்டும் எனத் தீர்மானிக்கக் கற்கிறார். அப்பகுதி மெழுகில் பதிக்கப்படுகிறது. தலைமயிரின் பருமனில் பதினைந்தில் ஒரு பங்கு அளவுக்கு மெல்லிய சீவலாகச் சீவப்படுகிறது. பின் நீலமும் இளஞ்சிவப்புமான இரு சாயங்கள் ஏற்றப்படுகின்றன. அதனை நுண்ணோக்கியில் நோக்கித் தம் கருத்தை எழுதிப் பேராசிரியரிடம் காட்ட வேண்டும். அவர் அதைத் திருத்துவார். மறுநாளும் இதுவே. இரத்தப் பூச்சுகள், ஊசியால் உறிஞ்சிய அணுக்கள், பிரேதப் பரிசோதனை என ஆயிரக்கணக்கான முறை கண் பழக வேண்டும். சில வேளைகளில் நோயாளி அறுவை மேசையில் மயக்கத்தில் கிடக்கையிலேயே துணுக்கை உறையவைத்துச் சீவிப் பார்த்து, இருபது நிமிடங்களுக்குள் விடை சொல்ல வேண்டும். உறுப்பை அகற்றுவதா, விட்டுவிடுவதா என்பது அவ்விடையைப் பொறுத்தது. இவை யாவற்றினும் கடினமான பாடம் ஒன்றுண்டு: உறுதியாகத் தெரியாதபோது தெரியவில்லை என்று எழுதும் துணிவு.

இறுதியாக ஓர் ஆய்வேட்டினை அவர் அளித்தாக வேண்டும். பல மாணவர்களுக்கு இது தேர்வுக்கான சடங்காக முடிந்துவிடுகிறது. ஆனால் தமிழகத்தில் ஒரு மாணவியின் ஆய்வேடு நாட்டின் மருத்துவ வரலாற்றையே திருப்பியது.

எய்ட்ஸ் நோயைப் பற்றிய முதற்செய்தி 1981ஆம் ஆண்டு அமெரிக்காவிலிருந்து வந்தது. 1983இல் பாரிஸ் நகரின் பாஸ்டர் நிறுவனத்தார் அதன் வைரஸைப் பிரித்தெடுத்தனர். அது மேனாட்டாரின் ஒழுக்கக் கேட்டினால் வந்த நோய், நம் நாட்டை அணுகாது என்று நம்மவர் பலர் பெருமிதத்தோடு சொல்லிக்கொண்டிருந்த காலம் அது. அப்போது சென்னை மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் பேராசிரியராக இருந்தவர் சுனிதி சாலமன். அவர் முதலில் பயிற்சி பெற்றது நோய்க்குறியியலில். பிரிட்டன், அமெரிக்கா, ஆஸ்திரேலியா ஆகிய நாடுகளில் பணிசெய்து, 1973இல் சென்னைக்குத் திரும்பியவர். சோதிக்காமல் இல்லை என்று சொல்லக் கூடாது என்பது ஆய்வகம் அவருக்குக் கற்பித்த பாடம். தம்மிடம் பயின்ற முதுநிலை மாணவி செல்லப்பன் நிர்மலாவிடம், எய்ட்ஸ் கிருமி தமிழகத்தில் உள்ளதா என ஆராய்வதையே ஆய்வேட்டுப் பொருளாகக் கொள்ளுமாறு 1985இன் இறுதியில் அவர் கூறினார்.

நிர்மலாவுக்கு வயது 32. தயக்கத்தோடுதான் ஏற்றார். பாலியல் தொழிலில் சிக்குண்டு, காவலில் எடுக்கப்பட்டுக் காப்பகத்தில் வைக்கப்பட்டிருந்த பெண்களிடமிருந்து இரத்த மாதிரிகளைச் சேகரித்தார். கையுறை முதலிய பாதுகாப்பு எதுவும் இல்லை. மூன்று மாதங்களில் 80 மாதிரிகள் சேர்ந்தன. அவற்றைச் சேமிக்கத் தக்க வசதி இல்லாமையால், தம் வீட்டுக் குளிர்பதனப் பெட்டியிலேயே வைத்தார். சென்னையில் அப்போது சோதிக்க வழியில்லை. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் இருந்தது. 1986 பிப்ரவரியில், பனிக்கட்டிப் பெட்டியில் மாதிரிகளை வைத்துக்கொண்டு, கணவர் துணையோடு இரவு இரயிலில் காட்பாடிக்குப் பயணமானார். வேலூரில் ஜேக்கப் ஜான் அவர்களின் துறையில் சோதனை நடைபெற்றது. ஆறு மாதிரிகள் மஞ்சள் நிறமாயின.

கண்டதை அவர்கள் உடனே முழங்கவில்லை. மீண்டும் மாதிரிகள் எடுக்கப்பட்டு, அமெரிக்காவுக்கு அனுப்பப்பட்டு, வேறு முறையில் உறுதி செய்யப்பட்ட பின்னரே செய்தி அரசுக்கு அறிவிக்கப்பட்டது. அவ்வாண்டு மே மாதம் சுகாதார அமைச்சர் எச்.வி. ஹண்டே சட்டமன்றத்தில் அதனை வெளியிட்டார். நம்ப மறுத்தோர் பலர். சோதனை பிழை என்றோரும் உண்டு. ஆயினும் அம்மாணவியின் பொறுமையான உழைப்பால்தான், கொள்ளைநோய் நாட்டினுள் நுழைந்துவிட்டது என்பதை இந்தியா அறிந்தது. நிர்மலா 1987இல் ஆய்வேட்டினை அளித்துப் பட்டம் பெற்று, கிண்டி கிங் நிறுவனத்தில் பணியேற்று, 2010இல் ஓய்வு பெற்றார். ஆசிரியை சுனிதி சாலமன் 1993இல் எய்ட்ஸ் நோயாளருக்கென ஓர் ஆய்வு சிகிச்சை மையத்தை நிறுவி, 2015இல் மறையும்வரை அவர்களோடு நின்றார். 2017இல் அவருக்கு மறைவுக்குப் பின் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது.

இவ்வரலாற்றின் மற்றொரு பக்கத்தையும் நாம் மறைக்கலாகாது. தம் இரத்தம் எதற்காக எடுக்கப்படுகிறது என்பது அப்பெண்களுக்கு விளக்கப்படவில்லை. கிருமி இருப்பது தெரிந்தபின், காவற்காலம் முடிந்த பெண்களும் வெளியே விடப்படாமல் காப்பகத்தில் அடைத்து வைக்கப்பட்டனர். நீதிமன்றம் தலையிட்ட பிறகே அவர்களுக்கு விடுதலை கிடைத்தது. மஞ்சளாக மாறிய ஒவ்வொரு துளிக்கும் பின்னே ஒரு பெண் இருந்தாள். தலைமுறைகளைக் காக்கும் அறிவை நாட்டுக்கு ஈந்த அவளுக்கு, நாடு கொடுத்தது பூட்டிய கதவு. ஆய்வகத்தில் பயில்வோர் தம் பாடங்களோடு சேர்த்துக் கற்க வேண்டிய உண்மை இது. புட்டியில் இருப்பது வெறும் பொருளன்று. அது ஒரு மனிதரின் பகுதி.

இனி நம் மாவட்டத்திற்கு வருவோம். 1965இல் சேலத்திலிருந்து பிரிந்த தருமபுரி மாவட்டம், மருத்துவக் கல்விக்கு நெடுங்காலம் அண்டை ஊர்களையே நோக்கியிருந்தது: வடகிழக்கே வேலூர், வடமேற்கே பெங்களூரில் இந்திய ஆயர் பேரவை 1963இல் தொடங்கிய புனித யோவான் மருத்துவக் கல்லூரி, தெற்கே 1986இல் எழுந்த சேலம் அரசு மருத்துவக் கல்லூரி. 2008ஆம் ஆண்டு தருமபுரியிலேயே அரசு மருத்துவக் கல்லூரி தோன்றியது. இன்னொரு மாற்றமும் நிகழ்ந்துள்ளது. 2021ஆம் ஆண்டில் முதுநிலைக் கல்வியில் சேர்ந்தோர் முதல், ஒவ்வொருவரும் தம் பயிற்சியில் மூன்று மாதங்களை மாவட்ட மருத்துவமனை ஒன்றில் செலவிட வேண்டும் என்பது விதியாயிற்று. நோய்க்குறியியல் பயில்வோரும் இதற்கு விலக்கல்லர். பெருநகரில் புட்டியை மட்டுமே கண்ட இளைஞர், மாவட்ட மருத்துவமனையின் தாழ்வாரத்தில், அறிக்கைத் தாளுக்காகக் கைக்குழந்தையோடு அமர்ந்திருக்கும் தாயைக் காணும் வாய்ப்பு இது. அந்த மூன்று மாதங்களைச் சான்றிதழுக்கான கடமையாகக் கழிப்பதும், கண்திறக்கும் காலமாகக் கொள்வதும் அவர் கையில் உள்ளது.

நம் பிள்ளைகளுள் ஒருவர் மருத்துவம் பயின்று, முதுநிலையில் நோய்க்குறியியல் கிடைத்தது என்று வந்து சொல்லும்போது, வீட்டில் முகங்கள் வாடுவதுண்டு. நோயாளியே வராத படிப்பா, கிளினிக் வைக்க முடியுமா என்று உறவினர் கேட்பர். அவ்வேளையில், பனிக்கட்டிப் பெட்டியோடு காட்பாடிக்கு இரவுப் பயணம் போன அந்த மாணவியை நினைத்துக்கொள்வோம். ஆய்வகத்தின் மூடிய கதவுக்குப் பின்னே, பெயரும் எண்ணும் மட்டுமே தெரிந்த ஒருவருக்காக, கண் வலிக்க நுண்ணோக்கியில் குனிந்திருப்பவர்களும் நம் நோயாளிகளின் மருத்துவர்களே. அடுத்த முறை அத்தாள் நம் கைக்கு வரும்போது, அதன் அடியில் உள்ள கையெழுத்தையும் ஒரு கணம் பார்ப்போம்.