மணியும் மக்கர் பண்ணின மெஷினும்

மெஷின் மக்கர் பண்ணினால் நம்மை மாதிரி பொட்டி தட்டுறவங்க ஒரு டிக்கெட்டைப் போட்டுட்டு டீ குடிக்கப் போயிடுவோம். 1930களின் ஆரம்பத்தில், ஹார்வர்டில் ஒருத்தர் சந்தோஷத்தில் தலைகால் புரியாமல் திரிந்திருக்கிறார். பி.எஃப்.ஸ்கின்னர். கம்பியை அமுக்கினால் எலிக்கு ஒரு தீனி உருண்டை விழுகிற மாதிரி பெட்டி செஞ்சு வச்சிருந்தார். ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் உருண்டை தள்ளுற பாகம் சிக்கிக்கிச்சு. எலி அமுக்குது, ஒண்ணும் வரலை. விடாம அமுக்குது. அப்புறம் மெதுமெதுவா குறைஞ்சு ஓய்ஞ்சே போச்சு. பலன் நின்னா பழக்கமும் நிக்கும்! லேபில் சொல்றதுக்குக்கூட ஆள் இல்லை. விஷயத்தை வெளியே சொல்றதுக்குள்ள செத்துடக் கூடாதேன்னு அந்த சனி, ஞாயிறு முழுக்க ரோட்டை ரொம்ப ஜாக்கிரதையா கடந்தாராம்.

எலிக்கதை எதுக்குன்னா, எங்க வீட்டு மணிக்காக. நாலு மாச நாட்டுக்குட்டி. ராத்திரி 11 மணியானா பின்வாசக் கதவைப் பிராண்டிக்கிட்டே சிணுங்க ஆரம்பிக்கும். இடையஞ்சாவடி ராத்திரியில அமைதியான ஊர், நாலு வீட்டுக்குக் கேக்கும். அப்பா கெடு வச்சிட்டார். "இன்னும் பத்து நாள் பாப்பேன். அப்புறம் மரக்காணம் உப்பளத்துப் பக்கம் கொண்டு போய் விட்டுடுவேன்." சும்மா சொல்ற ஆள் இல்லை அவர். அந்த வெயில்ல, உப்புக்கு நடுவுல குட்டி என்ன ஆகும்?

நாலு சாத்து சாத்தினா அடங்கும்ங்கிறதும் அப்பா கட்சிதான். அதுக்கும் சரித்திரம் உண்டு. ஜெர்மனியின் கொன்ராட் மோஸ்ட் 1910-ல் எழுதின போலீஸ் நாய்ப் பயிற்சிப் புத்தகத்தில் கட்டாயப்படுத்துறதுக்குப் பெரிய இடம். ஆனா தனியா இருக்க முடியாம ஆள் வேணும்னு அழுவுற குட்டிக்கு, திட்டிக்கிட்டு ஒருத்தர் வர்றதும் 'ஆள் வந்தாச்சு' கணக்குதானே?

நிஜமான சிக்கல் ஆயா. "வாயில்லா ஜீவன்டா, ஒரு பொறைதானே!" தினமும் போடறதில்லை. மனசு கேக்காத அன்னிக்கு மட்டும். இங்கதான் ஸ்கின்னரோட ரெண்டாவது விபத்து. தீனி உருண்டையை அவரே கையால உருட்டணும். ஒரு சனிக்கிழமை பாத்தா கையிருப்பு திங்கள் காலை வரைக்கும்கூட தாங்காது. சரி, நிமிஷத்துக்கு ஒண்ணுதான் கொடுப்போம்னு முடிவு பண்ணார் (சோம்பேறித்தனம் எவ்வளவு பெரிய விஞ்ஞானி பாருங்க). எலி அசரவேயில்லை. எப்பவாவது கிடைக்கிற பலன்ல வளர்ந்த பழக்கம் லேசுல சாகாதுன்னு பின்னாடி தெரிஞ்சது. இதை வச்சு ஃபெர்ஸ்டரோட சேர்ந்து 1957-ல் ஒரு தலகாணி புத்தகமே போட்டார்.

1959-ல் சி.டி.வில்லியம்ஸ்னு ஒருத்தர் இதையே குழந்தைகிட்ட பாத்திருக்கார். 21 மாசக் குழந்தை, பக்கத்துல ஆள் இல்லாட்டி தூங்காம அலறும். கொஞ்சிப் படுக்க வச்சுட்டு, கதவைச் சாத்திட்டு, திரும்பிப் போகக் கூடாதுன்னு ஏற்பாடு. முதல் நாள் 45 நிமிஷம் அழுகை. பத்தாவது தடவை சிரிச்சுக்கிட்டே படுத்துக்கிச்சு. ஒரு வாரம் கழிச்சு அத்தை படுக்க வச்சப்ப மறுபடி அழுதது. அத்தை மனசு இளகி உள்ளே போய் உக்காந்துட்டாங்க. அவ்வளவுதான், மொத்தமும் முதல்லேர்ந்து!

கண்டுக்காம விடறது பாதி வேலைதான். மீதி, சும்மா இருக்கிறப்ப கூலி கொடுக்கிறது. சத்தம் கொடுத்து உடனே தீனி போட்டு நாயைப் பழக்கும் முறையை ஸ்கின்னர் 1951-லேயே கட்டுரையா எழுதிட்டார். கூலி தின்பண்டமாத்தான் இருக்கணும்னும் இல்லை. கொல்கத்தா ஐஐஎஸ்இஆர் ஆட்கள் 2017-ல் வெளியிட்ட ஆய்வுல, முன்பின் தெரியாத ஆள் தீனி போட்டதைவிட தடவிக் கொடுத்தப்பதான் தெருநாய்கள் அவரை அதிகம் நம்பியிருக்கு.

பசி, மூத்திரம், உண்ணிக்கடி, காயம் எதுவும் இல்லைன்னு பாத்துட்டுதான் மணிகிட்ட ஆரம்பிச்சோம். இப்ப பொறை டப்பா ஆயாகிட்டயேதான் இருக்கு. மணி வாயை மூடி அஞ்சு எண்ணினப்புறம்தான் திறக்கணும், கூடவே ஒரு தடவல். முதல் ரெண்டு ராத்திரி முன்னைவிட மோசம், அப்பா மூணு தடவை எழுந்து வந்தார். நேத்து ஆறாவது ராத்திரி, இருபது நிமிஷத்துல அடங்கிடுச்சு. கெடு முடிய இன்னும் நாலு நாள்.

நாளைக்கு திண்டிவனத்துலேர்ந்து அத்தை வர்றாங்க.