போர் விமானத்திலிருந்து புழு வரை - ஒரு படத்தின் கதை

ஒரு போர் விமானம். ஒரு மில்லிமீட்டர் நீளமே உள்ள ஒரு புழு. இரண்டுக்கும் என்ன சம்பந்தம்? ஒன்றும் இல்லை என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். ஆனால் இரண்டையும் விளக்க ஒரே வகைப் படம் பயன்பட்டிருக்கிறது!

விமானத்தில் தொடங்கியது

1980-களின் தொடக்கத்தில் இஸ்ரேல் 'லாவி' என்ற போர் விமானத்தை வடிவமைத்துக் கொண்டிருந்தது. அதன் மின்னணுக் கருவிகளை உருவாக்கிய பொறியாளர்களுக்கு ஆலோசனை சொல்ல, வைஸ்மன் ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த டேவிட் ஹாரெல் என்ற கணினி அறிஞர் வாரம் ஒரு நாள் சென்று வந்தார். ரேடார் நிபுணருக்கு ரேடார் தெரியும், ஆயுத நிபுணருக்கு ஆயுதம் தெரியும். ஆனால் "விமானி இந்தப் பொத்தானை இப்போது அழுத்தினால் என்ன நடக்கும்?" என்று கேட்டால் பதில் உடனே வரவில்லை. தடித் தடியான ஆவணங்களைப் புரட்ட வேண்டியிருந்தது. ஒரே விஷயம் வெவ்வேறு பக்கங்களில் வெவ்வேறு விதமாக எழுதப்பட்டிருந்தால் யார் கண்டுபிடிப்பது? பறந்துகொண்டிருக்கும் விமானியின் உயிர் அல்லவா அந்தப் பதிலில் இருக்கிறது!

இப்படிப்பட்ட அமைப்புகள் ஒரு கணக்கைப் போட்டு விடையைச் சொல்லிவிட்டு நின்றுவிடுவதில்லை. வெளியிலிருந்து வரும் ஒவ்வொரு நிகழ்வுக்கும் பதில் கொடுத்துக்கொண்டே இருக்கின்றன. ஏ.டி.எம். இயந்திரமும் அப்படித்தான். கார்டு செருகும் முன் பணம் கேட்டால் தராது. ஒரே பொத்தான், நிலைக்குத் தகுந்தாற்போல வேறு வேலை செய்யும். 1985-ல் ஹாரெலும் ஆமிர் புனுவெலியும் இவற்றை 'எதிர்வினை அமைப்புகள்' என்று அழைத்தார்கள்.

நிலைகளை வட்டங்களாகவும் மாற்றங்களை அம்புகளாகவும் வரையும் பழக்கம் முன்பே இருந்தது. சிக்கல் என்னவென்றால் எண்ணிக்கை! 10 சுவிட்சுகள், ஒவ்வொன்றுக்கும் இரண்டு நிலைகள் என்றால் மொத்தம் 1,024 வட்டங்கள் தேவை. 20 சுவிட்சுகள் என்றால் பத்து லட்சத்தைத் தாண்டிவிடும். 1983-ல் ஹாரெல் கண்ட வழி எளிமையானது. ஒரு நிலைக்குள்ளேயே பல நிலைகளை அடக்கலாம். ஒரே நேரத்தில் நடப்பவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் வரையலாம். அப்போது 10 சுவிட்சுகளுக்கு 20 நிலைகளை வரைந்தால் போதும். இதற்கு 'ஸ்டேட்சார்ட்' என்று பெயர் வைத்தார். 1987-ல் வெளிவந்த கட்டுரையில் ஒரு சிட்டிசன் கைக்கடிகாரத்தை உதாரணமாக வைத்து இதை விளக்கினார். இந்தப் படத்தைக் கணினியில் இயக்கியும் பார்க்கலாம் என்பதுதான் இதன் பலம்.

அதே 1987 ஆகஸ்டில் லாவி திட்டம் கைவிடப்பட்டது. விமானம் போனது, படம் நிலைத்தது! பின்னர் மென்பொருள் துறையின் பொது வரைபட மொழியான யு.எம்.எல்.-இலும் அது இடம்பெற்றது.

உயிருக்குள் நுழைந்தது

செல்லும் ஓர் எதிர்வினை அமைப்புதானே? வெளியிலிருந்து சமிக்ஞை வருகிறது, தன் நிலையைப் பொறுத்துச் செல் பதில் கொடுக்கிறது. 2001-ல் நாமான் காம், இருன் கோஹன், ஹாரெல் மூவரும் நோய் எதிர்ப்பு மண்டலத்தின் டி-செல் எப்படித் தூண்டப்படுகிறது என்பதை ஸ்டேட்சார்ட்டில் வரைந்து காட்டினார்கள்.

அடுத்தது புழு. 'சி. எலிகன்ஸ்' என்ற இந்த உருளைப்புழுவை ஆய்வுக்குத் தேர்ந்தெடுத்தவர் சிட்னி பிரென்னர். வளர்ந்த இருபால் புழுவின் உடலில், இனப்பெருக்கச் செல்கள் நீங்கலாக, 959 செல்கள்தான். அவற்றில் 302 நரம்புச் செல்கள். ஒவ்வொரு செல்லும் எதிலிருந்து பிறந்தது என்பது வரை தெரியும்.

இந்தப் புழு முட்டையிடும் உறுப்பு ஆறு செல்கள் கொண்ட ஒரு வரிசையிலிருந்து உருவாகிறது. அருகிலுள்ள 'நங்கூரச் செல்' ஒரு சமிக்ஞை அனுப்பும். அதற்கு மிக அருகில் இருக்கும் செல் முதல் வகையாகும். அது தன் இரு பக்கத்துச் செல்களுக்கும் வேறொரு சமிக்ஞை அனுப்பி அவற்றை இரண்டாம் வகையாக்கும். மீதி மூன்றும் மூன்றாம் வகை. இந்த ஒழுங்கு தவறி உறுப்பு உருவாகாமல் போனால், முட்டைகள் வெளியேற வழியின்றித் தாயின் வயிற்றுக்குள்ளேயே பொரிந்துவிடும்! இதே சமிக்ஞைப் பாதைகள் மனித உடலிலும் உண்டு. அங்கே பிழை நேர்ந்தால் புற்றுநோய்க்கு வழிவகுக்கலாம்.

2007-ல் ஜாஸ்மின் ஃபிஷர், நிர் பிட்டர்மன், அலெக்ஸ் ஹய்னல், தாமஸ் ஹென்சிங்கர் ஆகியோர் இந்த ஆறு செல்களின் கதையைக் கணினி மாதிரியாக்கினர். பிறகு 'மாடல் செக்கிங்' முறையைப் பயன்படுத்தினர். மென்பொருளில் பிழை இருக்கிறதா என்று பார்க்க 1980-களில் உருவான முறை இது. ஒன்றிரண்டு முறை ஓட்டிப் பார்ப்பதற்குப் பதிலாக, நடக்கக்கூடிய எல்லா வரிசைகளையும் கணினி அலசும். எந்தச் செல் முந்தினாலும் பிந்தினாலும் முடிவு ஒன்றாகவே வருகிறதா என்பது கேள்வி.

பெரும்பாலான மரபணு மாற்றங்களில் முடிவு மாறவில்லை. சிலவற்றில் மட்டும் நிலையில்லாமல் மாறியது. காரணம் என்ன? முதல் சமிக்ஞைக்கும் பக்கத்துச் சமிக்ஞைக்கும் இடையே ஒரு கால இடைவெளி வேண்டும் என்று மாதிரி சொன்னது. உண்மையான புழுக்களில் சோதித்தபோது, இயல்பான புழுவில் அந்த இடைவெளி இருந்தது. முடிவு நிலையில்லாத புழுக்களில் அந்த வரிசை குலைந்திருந்தது!

எதை நம்பலாம்?

தெரிந்த தகவல்களோடு ஒரு மாதிரி ஒத்துப்போவதாலேயே அது உண்மையாகிவிடாது. வேறொரு மாதிரியும் அதே அளவுக்கு ஒத்துப்போகலாம். கணினி அலசுவது நாம் எழுதிக் கொடுத்ததை மட்டுமே. எழுதாமல் விட்டது அதற்குத் தெரியாது. ஆகவே கடைசித் தீர்ப்பு ஆய்வுக்கூடத்துப் புழுவினுடையதுதான்.

முழுப் புழுவையும் இப்படிக் கணினியில் கொண்டுவர வேண்டும் என்று 2003-ல் ஹாரெல் ஒரு சவாலை முன்வைத்தார். அது இன்னும் நிறைவேறவில்லை. 959 செல்களே இத்தனை பாடு படுத்துகின்றன. மனித உடலில் உள்ளவையோ பல லட்சம் கோடி!